நிழல்வலைக்குள் போனால் வெப்கேம் படம் தாவுகிறது, உபுண்டு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறேன். ஒட்டுக்கட்டுவதைப் படம்பிடிக்க உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில் யுஎஸ்பி வெப்கேம் ஒன்றை மாட்டினேன். கத்தி தண்டைச் சீவும் இடத்தில்தான் படம் தாவுகிறது; பார்ப்பவர்கள் விரல் போய்விட்டதோ என்று பதறுவார்கள்.

முதலில் நொடிக்கு 10 பிரேம்தான் (தனிப் படங்கள்) வந்தது. 1280×720 அளவில் சுருக்காத படம் 30 பிரேம் ஓட, நொடிக்குச் சுமார் 442 மெகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 என்றாலும் நடைமுறையில் அவ்வளவு தாங்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் உள்ளீட்டை எம்ஜேபெக் (ஒவ்வொரு பிரேமையும் சுருக்கி அனுப்பும் வடிவம்) என்று மாற்றியதும் வெயிலில் 30 கிடைத்துவிட்டது. (ஒரே கேமரா கணினியில் வீடியோ0, வீடியோ1 என்று இரண்டாகத் தெரிந்ததில் ஒரு மாலை வீணானது. என் கேமராவில் இரண்டாவது மெட்டாடேட்டாவுக்கு (படத்தைப் பற்றிய தகவல்) மட்டும். அதில் படமே வராது.)

நிழல்வலைக்குள் போனால் மறுபடி குறைந்து 15 ஆகிறது. வெளிச்சம் குறையும்போது தானியங்கி எக்ஸ்போஷர் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரத்தைக் கேமராவே கூட்டுவது) பிரேம் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அந்த அமைப்பை அணைத்தால் சரியாகிறது. ஆனால் கேபிளைக் கழற்றி மாட்டினால் பழைய கதைதான். யூடெவ் விதி (கருவியை மாட்டியதும் லினக்ஸ் தானாகச் செய்யவேண்டியதைச் சொல்லும் வரிகள்) எழுதி இதை நிலையாக வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த வரிகளைப் பகிர்ந்தால் போதும்.