லினக்ஸ் மின்ட் 21 போட்டதும் கறுப்புத் திரை: ஜிஃபோர்ஸ் 210 கார்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாப்புலியூர் டைப்பிங் சென்டர் ஒண்ணுல இருக்கிற மெஷின். ஜி41 போர்டு, கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம், ஜிஃபோர்ஸ் 210 கார்டு. மின்ட் 20 சின்னமன் டெஸ்க்டாப், என்விடியா 340 டிரைவரோட ஒழுங்கா ஓடிட்டிருந்தது. 21-க்கு அப்கிரேடு பண்ணினதும் லோகோ வரைக்கும் வருது, அப்புறம் கறுப்பு. மூலையில ஒரு கோடு மட்டும் மினுக்குது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 சேர்த்து அமுக்கினா டெக்ஸ்ட் லாகின் கிடைக்குது. வேற கார்டு வாங்கணுமா?

மஞ்சக்குப்பம் பென்குயின்:
வாங்காதீங்க சார். பயாஸ் திரையும் லோகோவும் சுத்தமா வருதுன்னா கார்டுக்கு உயிர் இருக்கு. 340 வரிசையை என்விடியா 2019 கடைசியோட கைவிட்டுடுச்சு. மின்ட் 20-ல வந்த 5.4 கர்னலோட (சிஸ்டத்தோட மையப் பகுதி) ஒத்துப்போச்சு; 21-ல வர்ற 5.15-ல அந்த டிரைவர் மாட்யூல் கம்பைல் ஆகாது. ஆனா அது விட்டுட்டுப் போன ரெண்டு ஃபைல் அப்படியே கிடக்கும்: நூவோ டிரைவரை (என்விடியா கார்டுக்கு லினக்ஸ் கர்னலோடயே வர்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவர்) தடுக்கிற பிளாக்லிஸ்ட், அப்புறம் ‘என்விடியாவைத்தான் எடு’ன்னு சொல்ற எக்ஸ்ஆர்க்.கான்ஃப். என்விடியாவும் வராது, நூவோவையும் வர விடாது.

டெக்ஸ்ட் லாகின்லயே முடிச்சுடலாம். கமாண்டை ஆங்கில எழுத்துல அடிங்க, இங்க உச்சரிப்புதான் இருக்கு.

முதல்ல சுடோ ஆப்ட் பர்ஜ் என்விடியா-340. அப்கிரேடே அதை நீக்கியிருந்தாலும் இதைப் போடுங்க. ரிமூவ் மட்டும் பண்ணினா கான்ஃபிக் ஃபைல் தங்கிடும். ஈடிசி-க்குள்ள எக்ஸ்11 ஃபோல்டர்ல எக்ஸ்ஆர்க்.கான்ஃப் இருந்தா அழிக்காம பேரை மாத்தி வைங்க. ஈடிசி, லிப் ரெண்டுலயும் இருக்கிற மாட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல ‘பிளாக்லிஸ்ட் நூவோ’ன்னு கிரெப் கமாண்டால தேடி, கிடைக்கிற வரிக்கு முன்னாடி # வைங்க. கடைசியா சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்: பிளாக்லிஸ்டோட ஒரு நகல் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள்ளயும் (பூட் ஆகறப்ப முதல்ல மெமரில ஏறுற சின்ன ஃபைல் தொகுப்பு) இருக்கும், அதைப் புதுப்பிக்காம ரீபூட் பண்ணினா மறுபடி கறுப்புதான்.

முத்தியால்பேட்டை:
மேல சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்குங்க. இந்தச் சிக்கலுக்கு க்ரப்ல (பூட் மெனு) நோமோட்செட் (கிராஃபிக்ஸ் டிரைவர் திரையை அமைக்கிறதைத் தடுக்கிற ஆப்ஷன்) போடுன்னு யாராவது சொல்லுவாங்க. அது அவசரத்துக்கு மட்டும்: பூட் ஆகறப்ப ஷிஃப்ட்டைப் பிடிச்சு, மெனுவில ஈ அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில சேர்த்து எஃப்10. நிரந்தரமா வெச்சா நூவோ வேலையே செய்யாது, படம் வரையற பாரம் மொத்தமும் சிபியு தலையில விழும். கோர் 2 டுவோல சின்னமன் கட்டை வண்டி மாதிரி நகரும். ஈடிசி-க்குள்ள டிஃபால்ட் ஃபோல்டர்ல க்ரப் ஃபைல்ல அந்தச் சொல் இருந்தா எடுத்துட்டு சுடோ அப்டேட்-க்ரப் ஓட்டுங்க.

பயாஸ் திரையிலயே கோடு கோடா வந்தாத்தான் கார்டைச் சந்தேகப்படணும். நம்ம கடலோர உப்புக் காத்துல கார்டோட தங்கப் பல்லு பச்சை பூத்துடும். பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காய்ஞ்சதும் மாட்டுங்க. தேறலைன்னா கார்டைக் கழட்டிட்டு போர்டுல இருக்கிற விஜிஏ-ல மானிட்டரைச் சொருகுங்க. ஜி41-ல இருக்கிற இன்டெல் எக்ஸ்4500-க்கு டிரைவர் கர்னல்லயே இருக்கு, டைப்பிங்குக்கு அதுவே யதேஷ்டம்.

கெடிலக்கரை:
வந்துடுச்சு சார், நன்றி. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி கமாண்டு போட்டா ரெண்டரர் (படம் வரையறது எதுன்னு சொல்ற வரி) இடத்துல ‘என்விஏ8’னு காட்டுது. இது சரியா? குரோம் திறந்தா மட்டும் சில நேரம் திரை உறைஞ்சு போகுது.

மஞ்சக்குப்பம் பென்குயின்:
சரிதான், உங்க கார்டுல இருக்கிற சிப்புக்கு நூவோ வெச்ச பேர் அது. ‘எல்எல்விஎம்பைப்’னு வந்திருந்தாத்தான் கவலைப்படணும், அப்படின்னா சிபியுதான் படம் வரையுதுன்னு அர்த்தம். குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பக்கம் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைச்சுடுங்க. அதுக்கப்புறமும் உறைஞ்சா சின்னமனை விட்டுட்டு எக்ஸ்எஃப்சிஇ-ங்கிற லேசான டெஸ்க்டாப் போட்டு, விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்ல கம்போசிட்டரையும் (விண்டோக்களுக்கு நிழல் மாதிரி எஃபெக்ட் போடறது) நிறுத்திடுங்க.