ஆட்டுக்கல்லில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கலாமா? டிங்கிக் கொசுவுக்கு என்ன வழி?

செம்பருத்தி வேலி (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில், பால்மரத் தோட்டமாக இருந்து பின்னர் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு தாமானில் மூலை வீடு எங்களுடையது. பக்கவாட்டு நிலத்தில் ஒரு ரம்புத்தான் மரமும் கறிவேப்பிலையும் செம்பருத்தி வேலியும் இருப்பதால், மெர்போக் புறா, மைனா, வாலடியில் மஞ்சள் நிறம் கொண்ட கொண்டைக்குருவி, கறுப்பும் வெள்ளையுமான முராய், தேன்சிட்டு எனப் பல பறவைகள் நாள்தோறும் வந்துபோகின்றன.

லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் பொதுப் பைப்படியில் எந்நேரமும் தண்ணீர் சிந்திக் கிடக்கும். பறவைகள் அங்கேயே குடித்துக் குளித்துவிட்டுப் பறந்துவிடும். இப்போது வாசல் முழுவதும் சிமெண்டு பூசியாயிற்று. கால்வாயில் ஓடுவதோ சவர்க்கார நீர். பால்மரங்கள் இலையுதிர்க்கும் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாள்களில், நண்பகல் வேளையில் மைனாக்கள் அலகைத் திறந்தபடி மூச்சிரைத்துக்கொண்டு நிழலில் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

என் மாமியார் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல் ஒன்று ரம்புத்தான் மரத்தடியில் இருக்கிறது. அதன் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன், டிங்கிக் கொசு பெருகும், வேண்டவே வேண்டாம் என்கிறார். அவருடைய மகள் டிங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்து மீண்டவள் என்பதால், அவருடைய அச்சத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கொசுவுக்கும் இடம் கொடுக்காமல், பறவைகளுக்கும் பயன்படும்படி தண்ணீர் வைக்க முடியுமா? எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? பைப்புத் தண்ணீரில் கலந்துள்ள குளோரின் பறவைகளுக்குத் தீங்கு செய்யுமா? கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீர்த் தோங்குகளில் (பெரிய தொட்டிகளில்) போடும் அபேட் மருந்தை இதிலும் சிறிது போட்டு வைத்தால் போதுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய சுகாதாரப் பணியாளர் (ஈப்போ) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பொதுச் சுகாதாரப் பணியில் வீடு வீடாகச் சென்று கொசுப்புழு தேடியவன் என்ற முறையில் முதலில் ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அண்டை வீட்டுக்காரரின் எச்சரிக்கை நியாயமானது. ஆட்டுக்கல் குழியில் நிற்கும் நீரை எளிதில் கவிழ்த்துக் கொட்ட முடியாது; எவ்வளவுதான் அள்ளி இறைத்தாலும் அடியில் கொஞ்சம் தங்கிவிடும், மழை பெய்தால் தானாகவே நிரம்பியும்விடும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளைப் பெரும்பாலும் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. கொத்திய கருங்கல்லின் சொரசொரப்பு அதற்கு மிகவும் வசதியான இடம். அந்த முட்டைகள் தண்ணீர் இல்லாமலேயே பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடியும் நீர் ஏறும்போது பொரிக்கும் தன்மை கொண்டவை. ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதும் என்று நினைக்கக் கூடாது; பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

நம் நாட்டு வெப்பத்தில் முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான காலம் ஆகிறது. சுகாதார அமைச்சு, வாரத்திற்கு 10 நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிலும் கொசுப்புழு தேடி அழிக்கும்படி தொடர்ந்து வலியுறுத்துவதன் அடிப்படையும் இதுவே. எனவே கையால் தூக்கிக் கவிழ்க்கக்கூடிய ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அதை நாள்தோறும் மண்தரையில் கொட்டி, வாரத்தில் இரண்டு முறையாவது பிரஷ் கொண்டு தேய்த்துவிட்டால், அந்தத் தட்டில் கொசு உருவாக வழியே இல்லை. கொட்டும்போது கால்வாயில் கொட்டாதீர்கள். ஒருவேளை புழு இருந்தால், காய்ந்த மண்ணில் அது செத்துவிடும். தேங்கிய கால்வாயிலோ பிழைத்துக்கொள்ளும்.

அபேட் வேண்டாம். அதிலுள்ள தெமிபோஸ் ஒரு பூச்சிக்கொல்லி. அடிக்கடி காலி செய்ய முடியாத தண்ணீர்த் தேக்கங்களுக்காக, அளவு பார்த்துப் போடப்படுவது அது. அன்றாடம் கொட்டிவிடும் தட்டுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. மலேரியாவைத் தடுக்கத் தோட்டத்துக் கால்வாய்களில் எண்ணெய் தெளித்த காலத்தை நினைவில் வைத்து, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் போதும் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். எண்ணெய் பட்ட இறகு, நீரை விலக்கும் தன்மையையும் உடல் வெப்பத்தைக் காக்கும் தன்மையையும் இழந்துவிடும்.

1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டில் இருப்பவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். பறவைகளுக்காக வைத்தது என்ற விளக்கம் அங்கே எடுபடாது. வறண்ட மாதங்களில்தான் தைப்பூசமும் வருகிறது. கல்லுமலைக்கோ பத்துமலைக்கோ பினாங்குக்கோ இரண்டு மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்வதாக இருந்தால், புறப்படுமுன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். அந்தச் சில நாள்கள் பறவைகள் வேறு இடம் தேடிக்கொள்ளும்.

மாங்குயில் (கோலகங்சார்) எழுதியது:

ஐயா கொசுவைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். நான் பறவைகளின் பக்கமிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து பறவைகளைக் கவனித்துப் பழகியதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. சகோதரி கண்டதுபோல் அலகைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலம் உடலின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அவை சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. இழந்த ஈரத்தை மீண்டும் பெறத் தண்ணீர் வேண்டும். பழமும் பூச்சியும் உண்ணும் கொண்டைக்குருவிக்கும் முராய்க்கும் உணவிலிருந்தே ஓரளவு நீர் கிடைத்துவிடும். காய்ந்த விதைகளை உண்ணும் மெர்போக் புறாவுக்கும் சில்லைக்கும் சிட்டுக்குருவிக்கும் அந்த வசதி இல்லாததால், உங்கள் தட்டினால் மிகுதியாகப் பயன்பெறப் போகிறவை அவையே. குடிப்பதைப் போலவே குளிப்பதும் அவற்றுக்குத் தேவை. இறகிலுள்ள தூசியை நீக்கிய பிறகு, வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்துப் பூசி, ஒவ்வோர் இறகையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, ஓரத்தில் ஒரு செண்டிமீட்டரும் நடுவில் மிஞ்சினால் ஐந்து செண்டிமீட்டரும் இருந்தால் போதும். சிறு பறவைகள் ஆழமான நீரில் கால் ஊன்ற முடியாமல் தவிக்கும். நனைந்த இறகோடு வெளியேற முடியாமல் மூழ்கிவிடவும் கூடும். ஆனால் வெறும் ஈரமாக இருப்பதும் போதாது. பெரும்பாலான பறவைகள் அலகில் நீரை மொண்டு தலையை உயர்த்தி விழுங்குகின்றன. புறாக்களோ அலகை நீருக்குள் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கின்றன. அவற்றுக்காக நடுப்பகுதியில் சற்று ஆழம் வேண்டும்.

பாத்திரத்திற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. பொங்கலுக்கு வாங்கிய மண்பானையின் அகன்ற மூடி வீட்டில் இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. மெருகேற்றாத மண்ணில் நீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் சாயோங்கில் செய்யப்படும் சுரைக்காய் வடிவ மண்குடுவைகளில் தண்ணீர் குளிர்ந்து நிற்பதும் இவ்வாறுதான். சொரசொரப்பான மண்ணில் பறவையின் கால் வழுக்காது. பிளாஸ்டிக் தட்டுத்தான் இருக்கிறது என்றால், நடுவில் ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். உலோகத் தட்டு வெயிலில் கொதித்துவிடும். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: தோட்டங்களில் களைக்கொல்லி வந்த கலன்களை வெட்டித் தொட்டியாக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு; எத்தனை முறை கழுவினாலும் அவற்றை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பாராக்குவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், பழைய கலன்கள் கொட்டகைகளில் இன்னும் கிடக்கக்கூடும்.

பைப்புத் தண்ணீரில் உள்ள அளவு குளோரின் தீங்கு செய்யாது. புகைமூட்டம் சூழும் நாள்களில் (2015, 2019 ஆண்டுகளை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்) சாம்பல் துகள் நீரில் படியும் என்பதால், காலையும் மாலையும் மாற்றுவது நல்லது.

நோய் பரவுவதைப் பற்றியும் நினைக்க வேண்டும். ஒரே தட்டில் பல புறாக்கள் அலகு வைக்கும்போது, தொண்டையில் புண்ணை உண்டாக்கும் ஒட்டுண்ணி, ஒரு புறாவிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். இறகை உப்பிக்கொண்டு, விழுங்க முடியாமல் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் இரண்டு வாரங்களாவது தட்டை எடுத்துவிடுங்கள். சலவைக்கு உதவும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தட்டைக் கழுவி, பலமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

தேன்சிட்டும் தையல்சிட்டும் பெரும்பாலும் தட்டுக்கு வரமாட்டா. அவை நனைந்த இலைகளில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பவை. மாலையில் செடிகளுக்கு நீர் விடும்போது செம்பருத்தி வேலியின் மேல் இலைகளிலும் சற்றுத் தெளித்துவிடுங்கள், அவற்றுக்கு அது போதும்.

செம்பருத்தி வேலி எழுதியது:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மறுமொழிகளையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நாள்தோறும் கொட்டிக் கழுவுவதாக இருந்தால் தமக்கு மறுப்பு இல்லை என்றும், ஆட்டுக்கல் குழியை மட்டும் அடைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கூழாங்கற்களை நிரப்பினால் போதுமா? மேலும், எங்கள் தெருவில் பூனைகள் அதிகம். சுண்ணாம்புக்கல் குன்றுப் பக்கமிருந்து குரங்குகளும் வருகின்றன. தட்டை எங்கே வைப்பது?

செம்பனைக் காட்டு வழி (பீடோர்) எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். கூழாங்கற்களை நிரப்புவது தீர்வாகாது. கற்களின் இடுக்குகளில் நிற்கும் நீர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமே தவிர, கொசு அதைக் கண்டுபிடித்துவிடும். சிமெண்டு பூசி அடைக்கலாம் என்றாலும், மாமியார் கைபட்ட கல்லைக் கெடுப்பதற்கு உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். இரண்டு பேர் கடப்பாறையால் நெம்பி அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால், குழி மண்ணை நோக்கிப் போய்விடும், தட்டையான அடிப்பாகம் மேலே வரும். குழிக்கும் சேதமில்லை, மழைநீரும் தங்காது, மண்தட்டை வைக்க உறுதியான பீடமும் கிடைக்கும். உயரம் போதாவிட்டால் கீழே செங்கல் அடுக்கி, இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் ஆட்டுக்கல்லை இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ரம்புத்தான் மரத்திற்கு நேர் கீழே வேண்டாம். கிளையில் உட்காரும் பறவைகளின் எச்சமும் உதிரும் பழங்களும் நீரைக் கெடுக்கும். நண்பகல் நிழல் விழும் இடமாகவும், செம்பருத்தி வேலியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளியும் இருந்தால் நல்லது. பூனை பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் எட்ட முடியாத தூரம் அது. அதே வேளையில், நனைந்த இறகோடு வேகமாகப் பறக்க முடியாத பறவை வேலிக்குள் போய்ப் பாதுகாப்பாக உலர்ந்துகொள்ளவும் முடியும். சுற்றிலும் புல்லைக் கட்டையாக வெட்டிவிடுங்கள். பெரிய கண்ணாடிக் கதவுக்கு எதிரில் மட்டும் வைக்காதீர்கள். அதில் தெரியும் மரத்தின் பிம்பத்தை நம்பி மோதி இறக்கும் பறவைகள் உண்டு.

குரங்குகளை முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால் அவற்றை இழுப்பது தண்ணீரைவிட உணவுதான். ஆகவே தட்டின் அருகில் சோறோ ரொட்டியோ பழத்தோலோ வைக்காதீர்கள். சோறு வைத்தால் எலியும் வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். குரங்கு புரட்டிவிடாமலிருக்கத் தட்டின் நடுவில் கனமான கல் ஒன்று வைத்தால் போதும். கழுவும்போது அந்தக் கல்லையும் மறக்காமல் தேய்த்துவிடுங்கள்.

முதல் சில நாள்கள் ஒரு பறவையும் வராமல் போகலாம். அசையும் நீர் அவற்றின் கவனத்தை விரைவில் ஈர்க்கும் என்பதால், பழைய தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளையிட்டு, தட்டுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக விழும்படி செய்து பாருங்கள். பாட்டிலின் வாய் திறந்தே இருந்தால் கொசு அதற்குள்ளும் முட்டையிடும். மூடியைத் தளர்வாகத் திருகி வையுங்கள். மாலையில் தட்டைக் கொட்டும்போதே பாட்டிலையும் காலி செய்துவிடுங்கள்.