சைக்கோபிளாஸ்டோஜென்: குழைப்பியா, வனையூக்கியா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘சைக்கோபிளாஸ்டோஜென்’ என்ற சொல்லுக்குத் தமிழாக ஐயா நேற்று முன்வைத்த ‘மாயநெகிழி’ எனக்கு ஒப்பவில்லை. நெகிழி என்றால் இன்று கடைப்பைதான். ‘மாய’ என்ற அடை அதைவிட இடர். 2018-இல் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் ஓல்சன் மூலச்சொல்லை முன்வைத்தபோது, ஒரே வேளை மருந்தில் நரம்பணுக்களை விரைந்து கிளைக்கவைக்கும் பொருள்களுக்குப் பொதுப்பெயர் தேடினார். மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி அதில் அடங்கும், மயக்கமருந்தான கெட்டமைனும் அடங்கும். மாயத்தோற்றம் தராதபடி அவருடைய ஆய்வகம் வடிவமைத்த சேர்மமும் அடங்கும்.

2021-இல் யேல் ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு ஒரு வேளை சைலோசைபின் (சிலவகைக் காளான்களில் உள்ள, மாயத்தோற்றம் தரும் பொருள்) கொடுத்தார்கள். ஒரே நாளில் முன்மூளைப் புறணி நரம்பணுக்களின் கிளைகளில், பிற நரம்பணுக்களோடு இணையும் மொட்டுப்போன்ற முட்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடின. ஒரு மாதம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. நெகிழ்ந்தது பழைய நிலைக்குத் திரும்பலாம். பிசைந்த களிமண் கொடுத்த வடிவில் நிற்கும். ஆகவே பிளாஸ்டிசிட்டிக்கு (மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் திறன்) ‘குழைமை’, மருந்துக்குக் ‘குழைப்பி’ என்பது என் பரிந்துரை.

மறுமொழி:

அம்மா, தங்கள் மறுப்பு சரி. ‘மாய’, ‘நெகிழி’ இரண்டையும் விலக்கிக்கொள்கிறேன். ஆனால் குழைவு என்றதும் ஒரு கொதி கூடிப்போன சோறு கண்முன் வருகிறது. பருக்கை உருத்தெரியாமல் போவதைத்தானே குழைந்துவிட்டது என்கிறோம்? மருந்து மூளையைக் கூழாக்கும் என்று நோயாளியின் வீட்டார் அஞ்சிவிடுவார்கள். மண்தான் உவமை என்றால் குயவரின் வினையையே எடுப்போம்: வனைதல். பிளாஸ்டிசிட்டிக்கு ‘வனைமை’, மருந்துக்கு ‘வனையூக்கி’.

மறுமொழி:

ஐயா, மனமார ஏற்கிறேன். ‘வனை’ இன்னொரு கதவையும் திறக்கிறது. எங்கள் தெருக் குயவர் பாதி உலர்ந்த பானைமேல் ஈரத்துணி போர்த்திவைப்பார். மறுநாள் விரல் பட்டால் விளிம்பு இணங்கும். துணி பானையை வனைவதில்லை, மண்ணுக்குப் பதம் தருகிறது. 2023-இல் நரம்பியல் ஆய்வாளர் குல் டோலனின் குழு சுண்டெலிகளில் கண்டது இதற்கு நெருக்கமானது. வளர்ந்தபின் மூடிப்போன சமூகக் கற்றல் பருவம் மருந்தால் மீண்டும் திறந்து, சில காலம் திறந்தே இருந்தது: கெட்டமைனுக்கு 2 நாள், சைலோசைபினுக்கு 2 வாரம், எல்எஸ்டிக்கு 3 வாரம். அந்த நாள்களில் எதைக் கற்கிறோம், யாரோடு இருக்கிறோம் என்பதே வனையும் கை.

எனவே அப்பருவத்துக்கு ‘வனைபருவம்’ என்று வைக்கலாம். டோலன் குழு கூறும் மெட்டாபிளாஸ்டிசிட்டிக்கு, அதாவது வனைமையே கூடவோ குறையவோ மாறும் தன்மைக்கு, ‘வனைபதம்’ பொருந்துமா? ‘மெட்டா’வுக்கு ‘மீ’ வைத்து ‘மீவனைமை’ என்றால் மிகையான வனைமை என்று படித்துவிடுவார்களோ என அஞ்சுகிறேன்.