புதுப்பிப்பு: ராஜ்ய புரஸ்கார் தேர்வும் தளர்ந்துபோன மூங்கில் கட்டும்

சாரணர் (ஸ்கவுட்) இயக்கத்தோட மாநில அளவு விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்குப் போற பையனுக்கு, ரெண்டு மூங்கிலைக் குறுக்கால வச்சுக் கயித்தால கட்டுற கட்டு நிக்கவே மாட்டேங்குதுன்னு போன மாசம் கேட்டிருந்தேனுங்க. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பலிச்சது, "நைலானைத் தூக்கிப் போட்டுட்டு தேங்காய் நார்க்கயிறு வாங்குங்க" என்ற யோசனைதான். பொள்ளாச்சியில இருந்துக்கிட்டு இது எனக்குத் தோணலை பாருங்க! குளோவ் ஹிட்ச்சில் (கம்புல கயித்தை இறுக்கிப் பிடிக்க வைக்கிற முடிச்சு) ஆரம்பிச்சு ரெண்டு மூங்கிலையும் சேர்த்து மூணு சுத்து, அப்புறம் ரெண்டு மூங்கிலுக்கும் நடுவுல குறுக்கால ரெண்டு சுத்து இறுக்கி, மறுபடி குளோவ் ஹிட்ச். அந்தக் குறுக்குச் சுத்தைத்தான் அவன் விட்டிருக்கான். இப்ப நான் ஏறி நின்னாலும் அசையலை.

எதிர்பாராதது ஒண்ணு: தேர்வுல அவன் போட்ட கட்டைத் தேர்வாளருங்க ஒரு நிமிஷம்தான் பார்த்தாங்க, அவனோட சாரணர் பயிற்சிப் பதிவு நோட்டைத்தான் அரை மணி நேரம் புரட்டினாங்க. தேதி விட்டுப்போன ஒரு பக்கத்துக்கு ஸ்கவுட் மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்க ஓடினோம். தேறிட்டான். அடுத்தது ராஷ்டிரபதி (குடியரசுத் தலைவர்) விருது, அதனால கயிறு இன்னும் பரண் ஏறலைங்க.