மறு: சிலிண்டர் ஹெட்டுக்குத் தமிழ்ச்சொல் (‘முகடு’ முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்)

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். மிச்சிகனில் என் வீட்டுக் கொட்டகையில் 1994ஆம் ஆண்டு செவர்லே பிக்கப் ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர் ஹெட்டையும் கழற்றி மாற்றினேன். அதைப் படிப்படியாகத் தமிழில் எழுதி வைக்க ஆசைப்பட்டு, ‘ஹெட்’டுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டேன். ஒரு நண்பர் உடனே ‘உருளைத்தலை’ என்று எழுதினார். அது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது, எஞ்சினுக்கு ஏது தலை என்று நான் மறுத்துவிட்டு, ‘முகடு’ என்று ஒரு சொல்லை முன்வைத்தேன். பலருக்கும் அது பிடித்திருந்தது. இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சினைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு படம். என்னுடையது 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் என்பது பெட்ரோல் எரிகிற உருளை வடிவக் குழி. நான்கு நான்காக இரண்டு வரிசை, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இரு பக்கமும் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு வரிசையின் மேலும் ஏறத்தாழ 20 கிலோ எடையில் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி உட்கார்ந்து, நான்கு சிலிண்டர்களையும் மேலிருந்து அடைக்கும். அதுதான் ஹெட். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, புகை வெளியே போவது, தீப்பொறி விழுவது எல்லாம் அதன் வழியாகத்தான். சூட்டைத் தணிக்கும் நீரும் அதற்குள்ளேயே சுற்றி ஓடுகிறது.

நெடுஞ்சாலையில் அந்த நீர் ஓடும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தபோது வண்டியை உடனே ஓரம் கட்டாமல், அடுத்த விலகுசாலை வரை ஓட்டிவிட்டேன். அது என் தவறு. அந்தச் சூட்டில் ஒரு ஹெட்டில் விரிசல் விழுந்தது. இந்த எஞ்சினில் ஹெட்டின் நடுவில், புகையை வெளியே விடத் திறந்து மூடும் புகைவால்வுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஹெட்டிலேயே அதிகம் சுடுகிற இடம் அது. விரிசலும் அங்கேதான். பட்டறையில் காந்தம் வைத்து இரும்புத்தூளைத் தூவினார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசல், தூள் போய் ஒட்டியதும் கோடு இழுத்ததுபோல் தெரிந்தது.

சரி, ‘முகடு’ எப்படித் தோன்றியது? கழற்றிய ஹெட்டை மேசையில் கவிழ்த்துப் போட்டால் அடிப்பக்கத்தில் நான்கு குழிவுகள் தெரியும். ஒவ்வொன்றும் எரியறையின் மேற்பாதி. சிலிண்டருக்குள் நின்று அண்ணாந்து பார்க்க முடிந்தால் அது கூரை போலத்தான் இருக்கும். கூரைக்கு உச்சி முகடு. பொருத்தம் என்று மகிழ்ந்துபோனேன்.

இரண்டு நண்பர்கள் எழுப்பிய தடைகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளி இயற்பியலில் அலையின் மேடு முகடு, பள்ளம் அகடு என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது என்பது ஒன்று. அதைக்கூடச் சமாளிக்கலாம், ஒரே சொல் இரு துறையில் வாழ்வது புதிதில்லை. மற்றதுதான் வலுவானது. இப்படிச் சாய்ந்த எஞ்சினில் முகடு எங்கே என்று ஒரு பையனிடம் கேட்டால் அவன் நடு உச்சியைத்தான் காட்டுவான். அங்கே இருப்பது காற்று வடிகட்டியும், அதன் கீழே காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டும். ஹெட்டுகள் இரண்டும் இரு பக்கச் சரிவில் கிடக்கின்றன. சுபாரு கார்களின் படுத்த எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். ஹெட்டுகள் இடமும் வலமுமாகத் தரையைப் பார்க்கச் சரிந்து தொங்காத குறைதான். அங்கே எதை முகடு என்பது? எஞ்சினைச் சாய்த்தால் பொய்யாகிப் போகிற சொல் நமக்கு வேண்டாம்.

‘மூடி’ என்ற சொல்லையும் சொன்னார்கள். அது ஒரு காலத்து எஞ்சினுக்கு மிகச் சரியாக இருந்திருக்கும். ஃபோர்டு 1932இல் கொண்டுவந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் கீழே பிளாக்கிலேயே, அதாவது சிலிண்டர்கள் அமைந்த அடிக்கட்டியிலேயே இருந்தன. மேலே இருந்தது ஸ்பார்க் பிளக்குக்குத் துளையும் தண்ணீர் ஓட வழியும் கொண்ட ஒரு தட்டையான வார்ப்பு, அவ்வளவுதான். அதை மூடி என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் செவர்லே 1955இல் கொண்டுவந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் ஹெட்டுக்குள் இருக்கின்றன. என் வண்டியில் இருப்பது அந்தக் குடும்பத்து எஞ்சின்தான். அரை வேலை அதற்குள் நடக்கும்போது மூடி என்று சொன்னால், பானையை மூடுகிற தட்டுதானே என்று படிப்பவர் அசட்டையாக எண்ணிவிடுவார்.

‘ஹெட்’ என்றே விட்டுவிடலாம் என்கிற நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மதுரையிலோ சேலத்திலோ மெக்கானிக் “ஹெட்டைக் கழட்டணும்” என்றுதான் சொல்வார், சொல்லட்டும். ஆனால் எழுத்தில் ஒரு சொல் கிடைத்தால் அதிலிருந்து பத்துச் சொற்கள் கிளைக்கும். எனக்கு வேண்டியது அந்தக் கிளைப்பு.

போன வாரம் நண்பர் ஒருவரின் மகளை மிருதங்க வகுப்பில் விடப் போயிருந்தேன். ஆசிரியர் கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “வலந்தலை இறங்கியிருக்கு” என்றார், அதாவது அந்தப் பக்கத்தின் சுருதி குறைந்திருக்கிறது என்று. எத்தனையோ முறை கேட்ட சொல்தான். அன்றைக்குத்தான் உறைத்தது. மிருதங்கத்தின் வலப்பக்கம் வலந்தலை. இடப்பக்கத்தைத் தொப்பி என்றும் சொல்கிறோம், இடந்தலை என்றும் சொல்கிறோம். குடைந்த பலாமரக் கட்டை ஓர் உருளை. அதன் முனையை அடைத்து இறுகக் கட்டியிருப்பது தலை. ஆங்கிலத்தைப் பார்த்து யாரும் வைத்த பெயரில்லை அது!

அப்புறம் யோசித்தால் தமிழில் எங்கு பார்த்தாலும் ‘தலை’ முனை என்ற பொருளில் நிற்கிறது. இருதலைக் கொள்ளி எறும்புக்கு இரண்டு தலை கிடையாது; கொள்ளிக்குத்தான் இரண்டு முனை. சேலைத் தலைப்பு, நுனியோடு அறுத்த தலைவாழை இலை, எல்லாம் இந்த வகைதான். ஆங்கிலக்காரர்களும் பீப்பாயின் இரு முனைப் பலகைக்கும் முரசின் தோலுக்கும் ஹெட் என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். இரு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. எல்லா மொழியும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: ஜெர்மானியர் ‘கோப்ஃப்’, அதாவது தலை என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் ‘குலாஸ்’ என்று பீரங்கியின் பின்வாய்க்கு உரிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவரவர் மொழியில் கைக்கெட்டியதை எடுத்திருக்கிறார்கள். நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் மிருதங்கம் இருக்கிறது.

ஆகவே, உருளைத்தலை. முதலில் எழுதிய நண்பரிடம் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னது பெயர்ப்பு என்று நான் நினைத்தேன். அது நம் சொல்லாகவே இருந்திருக்கிறது.

பயன் உடனே தெரிகிறது. என் எஞ்சினுக்கு இரண்டு தலை. வலத்தலை, இடத்தலை என்று எழுதிவிடலாம். இதில் ஒரு பழைய குழப்பமும் தீர்கிறது. பானெட்டைத் திறந்து வண்டிக்கு முன்னால் நிற்பவருக்கு இடமும் வலமும் மாறிவிடும். மெக்கானிக் நூல்களில் இடம், வலம் என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பவருடைய கணக்கு. இந்த எஞ்சினில் 1, 3, 5, 7 இடப்பக்கம். 2, 4, 6, 8 வலப்பக்கம். வலந்தலையும் வாசிப்பவரின் வலம்தானே, எதிரே உட்கார்ந்து கேட்பவரின் வலம் இல்லையே! அந்த ஒரு வரியைச் சொன்னால் தமிழ் படிக்கிறவர் மறக்க மாட்டார்.

இறுக்குவதிலும் ஓர் ஒற்றுமை. ஆசிரியர் மிருதங்கத்தை மடியில் சாய்த்து, கல்லும் கட்டையும் வைத்து விளிம்பில் ஓர் அடி, திருப்பி இன்னோர் அடி, தட்டிப் பார்த்து மறுபடி ஓர் அடி என்று சுற்றி வந்தார். எந்த இடத்திலும் ஒரேயடியாக இறுக்கவில்லை. என் எஞ்சினில் ஒரு தலைக்கு 17 போல்ட், இரண்டுக்கும் சேர்த்து 34. நடுவில் தொடங்கி வெளிநோக்கிப் போக வேண்டும். முதல் சுற்று 25 அடி-பவுண்டு (முறுக்கும் விசையின் அளவு), அடுத்து 45, கடைசியில் 65. அந்த விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் தலை கோணிக்கொள்ளும், அடியில் உள்ள கேஸ்கெட் சரியாக அழுந்தாது. இந்த போல்ட்டுகளின் நுனி நீரோடும் அறைக்குள் இறங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மரையில் கசிவடைக்கும் பசை தடவாமல் இறுக்கினால் அந்த நீர் (கூலன்ட்) மரை வழியாக மேலேறி எண்ணெயில் கலக்கும். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்துக்கு வந்தபிறகு வருந்திப் பயனில்லை.

இனி கேஸ்கெட். தலைக்கும் பிளாக்குக்கும் இடையே கிடந்து, எரியும் வாயுவையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காக்கிற மெல்லிய தகடு. அது உட்காரும் பரப்பு மட்டமாக இருக்க வேண்டும். எஃகு மட்டக்கோலைக் குறுக்கே வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய இதழை நுழைத்துப் பார்ப்போம். மொத்த நீளத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் பட்டறைக்கு அனுப்பிச் சீவ வேண்டும். ஏறத்தாழ ஒரு மயிரிழை அளவு. நான் புதுத் தலை வாங்கிப் போட்டதால் தலைப்பக்கம் கவலை இல்லை. ஆனால் பிளாக்கின் மேற்பரப்பில் பழைய கேஸ்கெட்டின் பிசிறைச் சுரண்டவே அரை நாள் போயிற்று.

இதற்கு ‘அடைதகடு’ என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை: அடைத்த தகடு, அடைக்கிற தகடு, அடைக்கும் தகடு. எல்லா கேஸ்கெட்டும் தகடு இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். தாளில் வருவதை அடைதாள் என்போம், தக்கையில் வருவதை அடைதக்கை என்போம். முன்பாதி ‘அடை’ நிலையாக நிற்கட்டும், பின்பாதி பொருளுக்கேற்ப மாறட்டும். தலைக்கு அடியில் வருவது தலை அடைதகடு. ‘தலையணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தலைக்குக் கீழே அணைவாகக் கிடப்பது என்று யோசித்தால் அழகுதான், ஆனால் பட்டறையில் நின்றுகொண்டு அதைப் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அதனால் வேண்டாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையன்று முதல் அத்தியாயத்தை இந்தச் சொற்களோடு குழுவுக்கு அனுப்புகிறேன். தலைக்கு மேல் வால்வுகளை மறைத்தபடி ஒரு தகரக் கவர் வருகிறது. எண்ணெய் தெறிக்காமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. ‘மூடி’யை அதற்கு வைத்துக்கொள்வோம்: வால்வு மூடி.