ரோமியோ ஜூலியட்டில் வரும் துறவி லாரன்ஸை எப்படி நடிப்பது?

செம்பூர்க்காரன்:
எங்கள் செம்பூர் நண்பர்கள் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். எனக்குத் துறவி லாரன்ஸ் வேஷம். இரண்டாம் அங்கத்தில் அவரை நடிப்பது சுகமாக இருக்கிறது. விடியற்காலையில் கூடையோடு மூலிகை பறிக்கிறார். ஒரே பூவுக்குள் விஷமும் மருந்தும் இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். நேற்று வரை ரோசலின் என்று உருகிய பையன் இன்று ஜூலியட் என்று வந்து நிற்கும்போது உரிமையோடு கண்டிக்கிறார்.

கல்லறைக் காட்சியில்தான் தடுமாறுகிறேன். கண்விழித்த பெண்ணிடம், உன் கணவன் செத்துக் கிடக்கிறான், வா, கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். காவலர் வரும் சத்தம் கேட்கிறது, அவர் போய்விடுகிறார். பதினான்கு வயதுகூட நிறையாத பிள்ளையைப் பிணத்தின் பக்கத்தில் தனியே விட்டுவிட்டு! அப்படியென்றால் அதுவரை காட்டிய அன்பெல்லாம் வேஷமா?

தாராவி அக்கா:
அன்பு வேஷம் இல்லை தம்பி. இரண்டு குடும்பத்துப் பகையும் தீரட்டும் என்றுதான் அந்தக் கல்யாணத்தையே செய்து வைக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறார். ஆனால் கோவிலில் மறைக்கல்வி சொல்லித் தருகிற எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஜூலியட் கல்யாணத்துக்கும் வருகிறாள், அப்புறம் வீட்டார் வேறொருவனோடு நிச்சயித்த கல்யாணத்திலிருந்து தப்ப, பிணம்போல் கிடக்க வைக்கும் மருந்துக்கும் வருகிறாள். இரண்டு முறையும் வீட்டில் சொல்வது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடப் போகிறேன் என்றுதான். அந்தப் புனிதமான நம்பிக்கையை அவர் மறைப்பாக்கிக்கொள்ள விட்டிருக்கக் கூடாது. இப்படி ஊரறியாமல் நடந்த கல்யாணங்களின் வம்பைப் பார்த்துத்தான் 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் வேண்டும் என்று சட்டம் போட்டது.

மாட்டுங்கா வாத்தியார்:
ஜூலியட் சாகவில்லை, மருந்தால்தான் அப்படிக் கிடக்கிறாள் என்று ரோமியோவுக்கு லாரன்ஸ் எழுதிய கடிதம் போய்ச் சேராததை அவர் தலையில் கட்டாதீர்கள். அதை எடுத்துப்போக வேண்டிய துறவி ஜான் இருந்த வீட்டில் கொள்ளைநோய் என்று சந்தேகப்பட்டுக் கதவை அடைத்துவிட்டார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் தொற்றுப் பயம். 2020இல் நம் மும்பையில் கட்டடம் கட்டடமாகச் சீல் வைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மூன்றாம் அங்கத்தைத் திரும்பப் படியுங்கள். உன் வேலைக்காரன் மூலமாகவே செய்தி அனுப்புவேன் என்று ரோமியோவிடம் சொன்னவர் இவர்தான். கடைசியில் அந்த பல்தசாருக்கு ஒரு வார்த்தையும் போகவில்லை. அவன் ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைப் பார்த்துவிட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட ரோமியோ இருந்த மாண்டுவாவுக்கு நேரே குதிரை ஏறிவிட்டான். போதாததற்கு பாரிஸ் என்ற பிரபுவோடு ஜூலியட்டுக்கு வியாழக்கிழமை நடக்கவிருந்த கல்யாணத்தை அவள் அப்பா கபுலெட் புதன்கிழமைக்கு இழுத்ததில் ஒரு நாள் அவகாசமும் போயிற்று.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிகிறது. பாரிஸுடன் கல்யாணம் நிச்சயமானதும் கபுலெட் வீட்டுக்குப் போய், இவளுக்கு ஏற்கெனவே நான் மணம் முடித்து வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆபத்து அவருக்கு. அவர் செய்தது என்ன? 42 மணி நேரம் பிணமாகக் கிடக்கும் ஆபத்தை அந்தக் குழந்தையிடம் கொடுத்தார். மருந்தைக் குடிக்கும் முன் ஜூலியட்டுக்கே ஒரு சந்தேகம் வருகிறது: தன் பெயர் கெடாமலிருக்க விஷத்தைத் தந்திருப்பாரோ? இல்லை, அவர் புனிதர் என்று உடனே தள்ளிவிடுகிறாள். அவள் பயந்த அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம் அவரிடம் நிஜமாகவே இருக்கிறது. கல்லறையிலிருந்து ஓடவைப்பதும் அதே பயம்தான்.

அதனால் அந்தப் பயத்தை நான்காம் அங்கத்திலேயே காட்டுங்கள். பாரிஸ் வந்து கல்யாணத் தேதி சொல்கிறான். இவர் நேரம் போதாதே என்று இழுக்கிறார். ஏன் தள்ளிப்போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். உண்மை வாய்வரை வந்து நிற்கிற இடம் அது. அங்கே ஒரு கணம் நின்று விழுங்குங்கள். அன்பும் பயமும் ஒரே ஆளிடம் இருப்பதைப் பார்ப்பவர்கள் அங்கேயே கண்டுகொள்வார்கள்.

செம்பூர்க்காரன்:
நன்றி சார், இது பிடிபடுகிறது. ஆனால் கடைசியில் அவர் நடந்ததையெல்லாம் சொல்கிற நீண்ட வசனத்தை இயக்குநர் வெட்டச் சொல்கிறார். பார்ப்பவர்களுக்குத் தெரிந்த கதைதானே என்கிறார்.

தாராவி அக்கா:
வெட்ட விடாதீங்க தம்பி. பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஆனால் மேடையில் நிற்கிற பெற்றோருக்குத் தெரியாதே. அவர்களுக்கும் இளவரசனுக்கும் முன்னால் அவர் எதையும் மறைக்காமல் பேசுவது அங்கேதான். என்னால் வந்த தவறென்றால் இந்தக் கிழ உயிரைச் சட்டப்படி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் இளவரசன், உங்களை எப்போதும் புனிதர் என்றே அறிந்திருக்கிறோம் என்கிறான். நேரம் பத்தாவிட்டால் முதல் அங்கத்துச் சண்டையைக் குறைக்கச் சொல்லுங்க.