அங்கன்வாடிப் பணியில் இருந்துகொண்டே ஆய்வுகளைப் படிப்பது எப்படி?

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் "ஆய்வுகள் இவ்வாறு கூறுகின்றன", "மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது" என்றெல்லாம் சொல்லப்படுகிறது. அந்த ஆய்வுகளை யார் செய்தார்கள், எத்தகைய குழந்தைகளிடம் செய்தார்கள், எங்கள் மையத்துக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பயிற்சியில் நேரம் கிடைப்பதில்லை.

இதை அறிய விரும்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்குத் தனியார் பள்ளி வேன் வருகிறது. அதில் ஏறிப் போகும் மூன்றரை வயதுப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டு வருவதைப் பார்க்கும் தாய்மார்கள், "இங்கே விளையாட்டு மட்டும்தானே நடக்கிறது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். விளையாட்டின் வழியே கற்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குச் சான்று என்ன என்று கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மேலும் எங்கள் குழந்தைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். தமிழில் நடத்தும் கதை நேரத்தில் அவர்கள் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம், பணியில் இருந்துகொண்டே எந்தப் படிப்பில் சேரலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தருமபுரி

வணக்கம் அம்மா. யார் செய்தார்கள், எந்தக் குழந்தைகளிடம் செய்தார்கள் என்று நீங்கள் கேட்பதுதான் ஆய்வைப் படிக்கும் முறை. ஆசிரியர் பயிற்சியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டம் பெற்ற பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முதலில் அந்த 85 விழுக்காட்டைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் அந்த வரி இடம்பெற்றிருக்கிறது. ஆறு வயதுக்குள் மூளையின் அளவு, வளர்ந்தவர்களின் மூளை அளவை நெருங்கிவிடுகிறது என்பது உண்மையே; ஆனால் மூளைக்குள் உள்ள இணைப்புகள் பதின்பருவத்தைத் தாண்டியும் சீரமைந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே தொடக்க ஆண்டுகள் மிக முக்கியமானவை என்று தாய்மார்களிடம் சொல்லுங்கள். ஆறு வயதோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற அச்சத்தை மட்டும் உண்டாக்க வேண்டாம்.

அடுத்து, பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெர்ரி முன்பள்ளி ஆய்வு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த திட்டம் அது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, 58 பேருக்கு முன்பள்ளி வாய்ப்பை அளித்தார்கள், மற்றவர்களுக்கு அளிக்கவில்லை. பிறகு அவர்களை நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். நுண்ணறிவுத் தேர்வில் தெரிந்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆயினும் நாற்பது வயதில் பார்த்தபோது, முன்பள்ளிக்குச் சென்றவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் கூடுதலாகவும், அவர்களுடைய வருவாய் உயர்ந்தும், குற்ற வழக்குகளில் கைதானவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். இதைப் படித்தவுடன், ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள் என்று பாருங்கள்: ஏறத்தாழ ஆறு பேர். ஆசிரியர் வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றிருக்கிறார். அந்தப் பலன்களை அப்படியே நம் மையங்களில் எதிர்பார்ப்பது உங்களைப் போன்றவர்களுக்கு நியாயமாகாது.

நம் நிலைமைக்கு நெருக்கமானது ஜமைக்கா ஆய்வு என்று நான் கருதுகிறேன். 1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் இது தொடர்ந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிரிவினரின் வருவாய் மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீண்டகாலப் பலன் தென்படவில்லை. சத்துமாவு வழங்கும் அதே நாளில் தாயோடு பத்து நிமிடம் விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

நம் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் அக்குழந்தைகளின் மொழித்திறனும் கணக்குத்திறனும் மற்ற மையங்களைவிடத் தெளிவாக உயர்ந்தன. வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. பதிவேடு, எடை பார்த்தல், போஷன் டிராக்கர் செயலியில் பதிதல், சமையல் மேற்பார்வை என எல்லாவற்றையும் ஒரே பணியாளரின் தலையில் ஏற்றுவதால் முன்பருவக் கல்விக்கு நேரம் இல்லாமல் போகிறது என்று நீங்கள் எல்லோரும் சொல்லி வருவதற்கு அந்த ஆய்வு சான்றாக நிற்கிறது. மேற்பார்வையாளரிடம் பேசும்போது தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

எழுத்துப் பயிற்சி கேட்கும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லலாம். 2022இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமே மூன்று முதல் ஆறு வயது வரை பாடநூல் சுமை கூடாது என்கிறது.

பதில் 2: பென்னாகரம் அங்கன்வாடி

சகோதரிக்கு வணக்கம். ஐயா கூறியவற்றோடு நடைமுறையில் நாங்கள் செய்வதையும் பகிர்ந்துகொள்கிறேன். பிறர் செய்த ஆய்வைப் படிப்பது போலவே, நம் மையத்தில் நடப்பதைக் கண்டு எழுதுவதும் ஆய்வுதான். எங்கள் பகுதியில் பணியாளர்கள் சிலர் சேர்ந்து, செக்டார் கூட்டம் (ஒரே மேற்பார்வையாளரின் கீழுள்ள மையங்களின் கூட்டம்) முடிந்ததும் ஒரு மணி நேரம் இருந்து, அந்த மாதம் அவரவர் கவனித்து எழுதிய குறிப்புகளை உரக்கப் படிக்கிறோம்.

குறிப்பு எழுதுவதற்குப் பழக்கம் வேண்டும். "நன்றாக விளையாடினாள்" என்பது நம் கருத்து. அதிலிருந்து பிறருக்கு எதுவும் தெரியாது. என் நோட்டிலிருந்து ஒன்றைத் தருகிறேன்: "நான்கு வயதுச் சிறுமி. புளியங்கொட்டைகளைத் தரையில் ஐந்தைந்தாக அடுக்கினாள். ஒரு வரிசையில் ஆறு வந்துவிட்டது. எண்ணிப் பார்க்கவில்லை, பக்கத்து வரிசையோடு நீளத்தை ஒப்பிட்டாள், கடைசிக் கொட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்." இதைக் கூட்டத்தில் படித்தபோது, எண்ணுவதற்கு முன்பே ஒப்பிடும் திறன் அவளிடம் வந்திருக்கிறது என்று ஒருவரும், கொட்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கினால் என்ன செய்வாள் என்று பார்க்கலாமே என்று இன்னொருவரும் கூறினார்கள். மறுவாரம் அதையே செய்து பார்த்தேன். இடைவெளிவிட்டு நீளமாக்கிய வரிசையில்தான் கொட்டைகள் அதிகம் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். பல நாடுகளின் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் கண்ட இதே இயல்பை நம் மையத்துப் பாயில் உட்கார்ந்து பார்க்கும்போது, புத்தகத்தில் வாசித்தது மனத்தில் நின்றுவிடுகிறது.

அந்தச் சிறுமியின் தாயை அழைத்து இந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். எழுத்துப் பயிற்சி பற்றி அவர் அதன் பிறகு கேட்கவில்லை. வீட்டில் அவரைக்கொட்டை உரிக்கும்போது மகளை அருகில் அமர்த்திக்கொள்வதாகச் சொன்னார். நம் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" நூலில் உள்ள செயல்பாடுகளையும் இவ்வாறு குறிப்பெழுதிப் பார்த்தால், எது நம் குழந்தைகளுக்குப் பொருந்துகிறது, எதை மாற்ற வேண்டும் என்பது தெரியவரும்.

படிப்பைப் பொறுத்தவரை, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பருவக் கல்விக்குப் பட்டயப் படிப்பு உள்ளது; பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். செய்முறைப் பணியும் எழுத வேண்டும் என்பதால் மையத்தில் வைத்திருக்கும் குறிப்புகள் அதற்குப் பெரிதும் உதவும். தேசியக் கல்விக் கொள்கையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை முன்வைக்கிறது. மேற்பார்வையாளர் காலியிடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமுள்ள பணியாளர்களின் பதவி உயர்வால் நிரப்ப வேண்டும் என்று மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டமான போஷன் 2.0இன் நெறிமுறைகள் கூறுவதால், சான்றிதழ்களையும் பயிற்சி ஆணைகளையும் ஒரே கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள்.

பதில் 3: ஓசூர் மழலையர் பள்ளி ஆசிரியை

தெலுங்கு, கன்னடக் குழந்தைகள் பேசாமல் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அக்கா. ஓசூரில் இந்திக் குழந்தைகளும் வந்து சேர்வதால் எங்களுக்கும் இதே நிலைதான். பேசாத குழந்தைக்குப் புரியவில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். புதிய மொழி கேட்கும் இடத்தில் சிறு குழந்தைகள் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு என்று இருமொழிக் குழந்தைகளைக் கவனித்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் கை காட்டுவது, தலையசைப்பது, கதைக்கேற்ப முகம் மாறுவது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

கதையை முதலில் அவர்கள் வீட்டு மொழியில் ஒரு பாட்டியையோ தாயையோ கொண்டு சொல்ல வைத்து, மறுநாள் அதே கதையை நீங்கள் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இவ்வாறு செய்தபோது, கதை முன்பே தெரிந்திருந்ததால் குழந்தைகள் தமிழ்ச் சொற்களைத் தாங்களாகவே ஊகித்துக்கொண்டார்கள். உங்கள் உதவியாளர் தெலுங்கோ கன்னடமோ அறிந்தவராக இருந்தால், கதை நேரத்தில் அவரைச் சமையலிலிருந்து சிறிது நேரம் விடுவித்து உங்கள் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பணியாளர்

ஐயாவுக்கும் சகோதரிகளுக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் உதவியாளருக்குத் தெலுங்கு தாய்மொழி. திங்கட்கிழமைக் கதையை அவரே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பேசாமல் அமர்ந்திருக்கும் மூன்று குழந்தைகளைப் பற்றி மட்டும் முதலில் குறிப்பெழுதப் போகிறேன். பென்னாகரம் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டத்தில் குறிப்புகளைப் படிக்கும்போது குழந்தையின் பெயரைச் சொல்வீர்களா, பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வீர்களா?

பென்னாகரம் அங்கன்வாடி

பெயரைச் சொல்வதில்லை, வயதும் சிறுவனா சிறுமியா என்பதும் மட்டுமே. குறிப்பெழுதத் தொடங்கும் முன் தாயிடம் சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்றால் அந்தக் குழந்தையைப் பற்றி வெளியில் படிப்பதில்லை.